ஒரு மரத்துக்குத்தான் இடம்: எலுமிச்சையா, நார்த்தையா, சாத்துக்குடியா, பம்ப்ளிமாஸா?

வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு மரத்துக்கு இடம் இருக்கிறது, எதை வைக்கலாம் என்று கேட்பவர்களில் பாதிப் பேர் எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நர்சரிக்குப் போனால் குழப்பம் இன்னும் கூடும். ஒட்டு எலுமிச்சை, விதையில்லா எலுமிச்சை, நாக்பூர் ஆரஞ்சு, மொசாம்பி, சைனா ஆரஞ்சு, பம்ப்ளிமாஸ் என்று வரிசையாகக் காட்டுவார்கள். முழங்கால் உயரக் கன்றில் ஒரு பழம் தொங்கினால் போதும், மனசு அங்கேயே விழுந்துவிடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமவெளியில் இருப்பவர்கள் ஆரஞ்சு ஆசையில் தங்கள் ஊருக்கு ஒத்துவராத மரத்தை நடுகிறார்கள். அவர்களுக்கு நன்றாக ஒத்துவரும் நார்த்தையும் பம்ப்ளிமாஸும் கேட்பாரில்லாமல் நர்சரி மூலையில் கிடக்கின்றன.

## இத்தனை வகை எங்கிருந்து வந்தது?

கலிபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழகத்தில் எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பமான சிட்ரஸுக்கென்றே ஒரு சேகரிப்புத் தோட்டம் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளை அங்கே வளர்க்கிறார்கள். விரல் விரலாகப் பிரிந்து நிற்கும் 'புத்தரின் கை' சிட்ரான், தோலோடு சாப்பிடும் கும்குவாட், உள்ளே ரத்தச் சிவப்பான ஆரஞ்சு, மனிதத் தலையளவு பம்ப்ளிமாஸ் எல்லாம் ஒரே குடும்பம் என்று நம்பவே சிரமமாக இருக்கும். ஆனால் நாம் கடையில் வாங்கும் பழங்களில் ஏறக்குறைய எல்லாமே மூன்று நான்கு மூதாதைகளின் கலப்பில் பிறந்தவை. தோல் தடித்த சிட்ரான், பெரிய பம்ப்ளிமாஸ், தோல் எளிதாக உரியும் மாண்டரின் என்ற கமலா வகை, பிலிப்பைன்ஸ் பக்கத்துக் காட்டு இனமான மைக்ராந்தா, இவைதான் அந்த மூதாதைகள்.

பம்ப்ளிமாஸும் மாண்டரினும் கலந்ததில் புளிப்பு ஆரஞ்சும் இனிப்பு ஆரஞ்சும் வந்தன. நம் சாத்துக்குடி இனிப்பு ஆரஞ்சு வகை. புளிப்பு ஆரஞ்சோடு சிட்ரான் சேர்ந்து மேல்நாட்டுப் பெரிய மஞ்சள் லெமன் ஆனது. நாம் ரசத்தில் பிழியும் சிறிய எலுமிச்சை அது இல்லை, மைக்ராந்தாவுக்கும் சிட்ரானுக்கும் பிறந்தது. சிட்ரஸ் குடும்பம் முதலில் தழைத்த இடம் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம் என்று 2018இல் வெளியான மரபணு ஆய்வு சொன்னது. அதே வட்டாரத்தில், மேகாலயாவின் காரோ மலையில், நோக்ரெக் காட்டை சிட்ரஸ் மரபுவளக் காப்பகமாகவே வைத்திருக்கிறார்கள். 'இந்திய காட்டு ஆரஞ்சு' என்ற அரிய இனம் அங்கே இன்னும் காட்டு மரமாக நிற்கிறது.

கன்று வாங்கப் போகிறவருக்கு இந்த வம்சாவளி எதற்கு என்று தோன்றலாம். எந்த மரத்தை விதை போட்டு வளர்க்கலாம், எதை ஒட்டுக்கன்றாகத்தான் வாங்க வேண்டும் என்பதில் பெரும்பகுதி இந்தப் பிறப்பிலேயே தீர்மானமாகிவிடுகிறது. கீழே அது திரும்பத் திரும்ப வரும்.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் ஊர். சமவெளியா மலையா, கடலோரமா வறண்ட உள்மாவட்டமா என்று பாருங்கள். இதை விட்டுவிட்டு மற்றதை எவ்வளவு யோசித்தாலும் பயனில்லை. சிட்ரஸ் தோலின் பச்சை மறைந்து ஆரஞ்சு நிறம் ஏற இரவுக் குளிர் வேண்டும். வெப்பமான சமவெளியில் பழம் உள்ளே பழுத்தும் வெளியே பச்சையாகவே இருக்கும். 'காய் பழுக்கவே மாட்டேன் என்கிறது' என்று புலம்புகிறவர்கள் பலரின் மரத்தில் பழம் எப்போதோ பழுத்திருக்கும்.

அடுத்தது அடுப்படி. உங்கள் வீட்டில் வாரம் எத்தனை முறை எந்தப் பழம் செலவாகிறது? ஆசைக்கு நடும் மரத்தின் பழம் பாதி தரையில்தான் விழும்.

மூன்றாவது தண்ணீர். சிட்ரஸ் வேருக்கு உப்பு ஆகாது. சென்னைக் கடலோரத்து உப்பு போர் தண்ணீரில் இலை நுனி கருகும். ஆர்ஓ மெஷின் வெளியேற்றும் கழிவு நீரில் உப்பு இன்னும் அதிகம். 'வீணாகப் போகிறதே' என்று அதை எலுமிச்சைக்குத் திருப்பிவிடுவதைப் போல அந்த மரத்துக்குக் கெடுதல் வேறில்லை. சோப்புத் தண்ணீரும் வேண்டாம். வேரடியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், அடிமரத்தில் பிசின் வடியும்.

அப்புறம் இடமும் முள்ளும். குழந்தைகள் ஓடும் வாசலில் விதைக்கன்று எலுமிச்சையின் முள் சின்ன விஷயம் இல்லை.

## எலுமிச்சை

பொதுவாக முதல் தேர்வு இதுதான். சமவெளி வெயிலைத் தாங்கும், தினசரி பயன்படும். சந்தையில் விலை ஏறும்போதெல்லாம் மரம் வைத்தவர்கள் சிரிப்பார்கள். 2022 ஏப்ரலில் ஒரு பழம் பத்து ரூபாயைத் தாண்டியது பலருக்கு நினைவிருக்கும். தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி எலுமிச்சைச் சந்தையால் பெயர் பெற்ற ஊர். வறண்ட நிலத்துக்கும் இந்த மரத்துக்கும் எவ்வளவு பொருத்தம் என்பதற்கு அந்த ஊரே சாட்சி.

இதை விதையிலிருந்தே வளர்க்கலாம். எலுமிச்சை விதைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கரு இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தச் சேர்க்கையில் உண்டானவை இல்லை, தாய்மரத்தின் திசுவிலிருந்தே உருவானவை. அதனால் கன்று பெரும்பாலும் தாயைப் போலவே இருக்கும். சிட்ரஸை வாட்டும் வைரஸ்கள் பொதுவாக விதை வழியே கடப்பதில்லை என்பது இன்னொரு லாபம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பிகேஎம் 1 தமிழ்நாட்டில் எளிதாகக் கிடைக்கும் நம்பகமான ரகம். விதைக்கன்று மூன்று நான்கு வருடத்தில் காய்க்கத் தொடங்கும். தாய்மரக் கிளையிலேயே வேர்விட வைத்துப் பிரித்த பதியன் கன்று அதற்கும் முன்னால் காய்க்கும், ஆனால் ஆணிவேர் இருக்காது. காற்று வீசும் இடத்தில் அதற்கு முட்டுக் கொடுக்க வேண்டும்.

சொல்லாமல் விடும் செலவுகளும் உண்டு. மழைக்காலத்தில் சொறி நோய் வரும். இலையிலும் காயிலும் மஞ்சள் விளிம்போடு தக்கை போன்ற புள்ளிகள் எழும். விற்பனைக்கு வளர்ப்பவருக்கு இது பெரிய நஷ்டம். வீட்டுக்காரருக்கு அவ்வளவு கவலை வேண்டாம், சாற்றில் குறையிருக்காது. நோய் கண்ட கிளைகளை வெட்டி எரித்துவிட்டு தாமிரக் கலவை தெளித்தால் கட்டுக்குள் இருக்கும். அடிக்கடி மழை பெய்யும் ஊரில் சொறியைத் தாங்கும் பாலாஜி போன்ற ரகத்தைத் தேடலாம்.

இன்னொன்று புழு. இளங்கன்றில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது எச்சம் இல்லை, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னால் இருந்து இரண்டு கிளைக் கொம்பை நீட்டி நாற்றமடிக்கும். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் சின்னக் கன்று மொட்டையாகிவிடும். கையால் பொறுக்கிப் போடுவதுதான் நல்லது. பக்கத்திலேயே கறிவேப்பிலை இருந்தால் அதையும் பாருங்கள், அந்தப் புழு அதிலும் இருக்கும்.

## நார்த்தையும் கிடாரங்காயும்

என்னைக் கேட்டால் சமவெளியில் மிகவும் குறைத்து மதிப்பிடப்படும் மரம் நார்த்தைதான். சந்தையில் நார்த்தங்காய் என்று கிடைப்பது ஊருக்கு ஊர் மாறும். சில இடங்களில் அது சிட்ரான் வகை, சில இடங்களில் புளிப்பு ஆரஞ்சு வகை. வீட்டுத் தேவைக்கு இரண்டும் சரிதான். கிடாரங்காய் இன்னும் பெரிது, தோலும் இன்னும் தடிமன்.

இதன் பெரிய பலம் கெட்டுப்போகாமை. எலுமிச்சை ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் காய்த்தால் பாதியை அக்கம்பக்கத்தில் கொடுத்துத்தான் தீர்க்க வேண்டும். நார்த்தங்காயைச் சுருளாக நறுக்கி உப்பு அடைத்து வெயிலில் காயவைத்தால் வருடக்கணக்கில் இருக்கும். தயிர் சாதத்துக்கு அதற்கு ஈடு இல்லை. காய்ச்சல் வாய்க்கு ருசி தெரிய வைக்கிற ஒரே பொருள் என்று பாட்டிகள் சத்தியம் செய்வார்கள். இலையும் வீணில்லை. வேப்பிலைக்கட்டி என்று பெயர்தானே தவிர அதில் போடுவது நார்த்தை இலையும் எலுமிச்சை இலையும்தான். மிளகாய், ஓமம், பெருங்காயம், உப்பு சேர்த்து இடித்து உருட்டினால் மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். அதற்காகவே மரம் வைத்த வீடுகள் உண்டு.

விதைக்கன்று போதும். சிட்ரான் தன் மகரந்தத்திலேயே தலைமுறை தலைமுறையாகக் காய்த்து வந்த இனம். ஆகவே கன்றுகள் தாயிலிருந்து அதிகம் விலகாது. புளிப்பு ஆரஞ்சு வகையிலோ விதைக்குள் தாய்த்திசுக் கருக்கள்தான் அதிகம்.

குறை என்ன? அப்படியே உரித்துச் சாப்பிட முடியாது. ஊறுகாய் போட வீட்டில் ஆள் இல்லையென்றால் இந்த மரம் வீண். உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எச்சரித்தவர் வீட்டில் உப்பு நார்த்தங்காய் எவ்வளவு செலவாகும் என்றும் யோசித்துக்கொள்ளுங்கள்.

## சாத்துக்குடி

சாறு பிழிந்து குடிக்க வேண்டும், வீட்டில் குழந்தைகளும் முதியவர்களும் இருக்கிறார்கள் என்பவர்களுக்கு முதலில் தோன்றும் மரம். ஆந்திராவின் ராயலசீமை இதன் தாயகம் மாதிரி. அனந்தப்பூர், கடப்பா பக்கத்து வறண்ட காற்றும் பாசன நீரும் சேர்ந்துதான் அந்தச் சாறும் இனிப்பும். ஆந்திர எல்லையை ஒட்டிய வறண்ட மாவட்டங்களில் நல்ல தண்ணீர் இருந்தால் தாராளமாக வைக்கலாம். ஈரக் காற்றுள்ள கடலோரத்தில் மரம் வளரும், காயும் வரும், சப்பென்று இருக்கும்.

கண்டிப்பாக ஒட்டுக்கன்றுதான் வாங்க வேண்டும். வேர்ச்செடி, அதாவது ஒட்டுக்குக் கீழே வேராக இருக்கும் செடி, எது என்று கேளுங்கள். காட்டு எலுமிச்சையான ஜம்பேரி அல்லது ரங்பூர் எலுமிச்சை என்றால் சரி. புளிப்பு ஆரஞ்சு வேரில் ஒட்டியதை வாங்க வேண்டாம். ட்ரிஸ்டேசா என்ற வைரஸ் அந்தக் கூட்டணியைக் கொல்லும். 1930களிலும் 40களிலும் பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் லட்சக்கணக்கான இனிப்பு ஆரஞ்சு மரங்கள் அப்படித்தான் பட்டுப்போயின. அசுவினிகள் அந்த வைரஸைப் பரப்பும், அவை நம் ஊரிலும் இருக்கின்றன.

ஒட்டு மரத்தில் ஒரு தொந்தரவு உண்டு. ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடி துளிர் விடும். நீண்ட முள்ளோடு வேகமாக வளரும். 'நன்றாகத் தழைக்கிறதே' என்று விட்டுவிட்டால் சில வருடத்தில் மேலே இருந்த சாத்துக்குடி காணாமல் போய், தோல் சொரசொரப்பான ஜம்பேரிதான் காய்க்கும். 'நர்சரிக்காரன் ஏமாற்றிவிட்டான்' என்று திட்டும் முன் ஒட்டுக்குக் கீழே ஒருமுறை குனிந்து பார்க்கலாம்.

காய்க்க நான்கைந்து வருடம். பொறுமை இருந்தால் மட்டும்.

## கமலா ஆரஞ்சு

மலையில் வீடு இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இதை வையுங்கள். கீழ்ப் பழனி, ஏற்காடு, குடகு மாதிரி இடங்களில் காப்பிக்கு நடுவே நிற்கும் மரம் இது. இரவுக் குளிரில் நிறமும் புளிப்பும் இனிப்பும் சரியாகச் சேரும்.

சமவெளியில் இருந்தால் வேண்டாம். நாக்பூர் ஆரஞ்சு என்று விற்கும் கன்று நாக்பூரின் குளிர்காலத்தையும் கூடவே கொண்டுவராது. மலையிலும் ஒரு எச்சரிக்கை: கிரீனிங் என்ற பாக்டீரியா நோய், வைரஸ், வேர் அழுகல் எல்லாம் சேர்ந்து பழைய குடகு ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்திருக்கின்றன. கிரீனிங்கைப் பரப்பும் சின்னப் பூச்சிக்குக் கறிவேப்பிலையும் பிடிக்கும். ஒருமுறை நோய் தொற்றிவிட்டால் மருந்து இல்லை. ஆகவே பக்கத்துத் தோட்டத்து மரத்தில் வெட்டிய குச்சியில் ஒட்டிய கன்று வேண்டாம். நோயற்ற தாய்மரத்தில் எடுத்த கன்றா என்று கேட்டு, அரசுப் பண்ணையிலோ பல்கலைக்கழக நர்சரியிலோ வாங்குங்கள்.

## பம்ப்ளிமாஸ்

வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் ஆரஞ்சு சோர்ந்துபோகும், பம்ப்ளிமாஸ் தழைக்கும். மலேசியாவில் ஈப்போ பக்கத்துத் தம்பூன் பம்ப்ளிமாஸ் பெயர் பெற்றது, அங்குள்ள தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெங்களூரு பக்கத்துத் தேவனஹள்ளி பம்ப்ளிமாஸுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஆரஞ்சு மாதிரி உரித்துச் சாப்பிடும் பழம் வேண்டும், ஆனால் இருப்பதோ கடலோரம் என்றால் என் பதில் இதுதான்.

ஆனால் இதில் மறைந்திருக்கும் செலவுகள் அதிகம். முதலாவது விதை. பம்ப்ளிமாஸ் விதையில் ஒரே கருதான், அதுவும் மகரந்தக் கலப்பில் பிறந்தது. தித்திப்பான பழத்தின் விதையைப் போட்டால் வரும் மரம் கசப்பாகவும் இருக்கலாம், அது தெரிய ஏழெட்டு வருடம் ஆகும். ஆகவே ஒட்டு அல்லது பதியன், அதுவும் பழத்தைச் சுவைத்துப் பார்த்த மரத்திலிருந்து.

இரண்டாவது, பல பம்ப்ளிமாஸ் வகைகள் தன் மகரந்தத்தில் கருத்தரிக்காது. தனி மரம் பூத்துக் குலுங்கிவிட்டுக் காயே பிடிக்காமல் நிற்கலாம். அக்கம்பக்கத்தில் வேறு சிட்ரஸ் மரம் இருந்தால் தேனீக்கள் அந்தக் குறையைத் தீர்த்துவிடும். கிராமத்தில் இது பிரச்சினையாகவே தெரியாது, புது லே-அவுட்டில் தெரியும்.

மூன்றாவது, மருந்து. கிரேப்ஃப்ரூட் போல பம்ப்ளிமாஸும் சில மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும். கொலஸ்டிராலுக்கான சிம்வாஸ்டாட்டின், சில ரத்த அழுத்த மாத்திரைகள் அந்தப் பட்டியலில் உண்டு. இரண்டும் நெருங்கிய சொந்தம் என்பதால் ஆச்சரியமில்லை. பம்ப்ளிமாஸுக்கும் இனிப்பு ஆரஞ்சுக்கும் பார்படோஸ் தீவில் பிறந்ததுதான் கிரேப்ஃப்ரூட். வீட்டில் மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு மரத்தை முடிவு செய்யுங்கள்.

மரமும் பெரிது. சுற்றிலும் ஏழெட்டு மீட்டர் வேண்டும். கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே கிளை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள பழம் விழுந்தால் கண்ணாடி தாங்காது.

## தொட்டியில் சைனா ஆரஞ்சு

வாடகை வீடு, மாடி, பால்கனி என்றால் இதுதான். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் லீமாவ் கஸ்தூரி என்பார்கள், பிலிப்பைன்ஸில் கலமான்சி. சின்ன மரம், சின்னப் பழம், வருடத்தில் பல முறை காய்க்கும். எலுமிச்சைக்குப் பதிலாகப் பிழியலாம். தொட்டி மண் சீக்கிரம் காயும், சத்தும் சீக்கிரம் தீரும். நரம்பு பச்சையாக இருக்க நடுவில் மஞ்சள் பூத்தால் துத்தநாகக் குறை, துத்தநாக சல்பேட்டைக் கரைத்து இலையில் தெளிக்க வேண்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மண் மாற்றும் வேலையும் இருக்கிறது.

## ஒரே பார்வையில்

| மரம் | ஏற்ற இடம் | எப்படிப்பட்ட கன்று | காய்க்கும் காலம் | கவனிக்காமல் விடும் செலவு |
|---|---|---|---|---|
| எலுமிச்சை | சமவெளி, வறண்ட நிலம் | விதைக்கன்று போதும் | 3–4 வருடம் | முள், சொறி, புழு |
| நார்த்தை, கிடாரங்காய் | சமவெளி எங்கும் | விதைக்கன்று | எலுமிச்சையை விடச் சற்றுத் தாமதம் | ஊறுகாய் போடும் உழைப்பு |
| சாத்துக்குடி | வறண்ட உள்மாவட்டம், நல்ல தண்ணீர் | ஒட்டுதான் | 4–5 வருடம் | வேர்ச்செடித் துளிர், ட்ரிஸ்டேசா |
| கமலா | மலை | நோயற்ற ஒட்டு | ஒட்டு 3–5 வருடம் | கிரீனிங் |
| பம்ப்ளிமாஸ் | கடலோரம், ஈர வெப்பம் | ஒட்டு அல்லது பதியன் | 4–5 வருடம் | தனி மரமானால் காய் பிடிக்காமை, மருந்து |
| சைனா ஆரஞ்சு | தொட்டி, மாடி | ஒட்டு அல்லது பதியன் | வாங்கும்போதே காய் இருக்கலாம் | மண் மாற்றுதல், உரம் |

## ஒரே மரத்தில் நான்கு வகை ஒட்டினால்?

இப்படிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள், நர்சரியிலும் அப்படிப்பட்ட மரங்கள் கிடைக்கின்றன. சிட்ரஸ் இனங்கள் ஒன்றோடொன்று எளிதாக ஒட்டும் என்பது உண்மை. ஆனாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். எலுமிச்சைக் கிளை மற்றவற்றை அமுக்கிக்கொண்டு வளரும், அதை வருடத்துக்கு இரண்டு முறையாவது வெட்டிக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கும். ஒரு கிளையில் உள்ள வைரஸ் எல்லாக் கிளைக்கும் போகும். ஆரஞ்சுக் கிளை ட்ரிஸ்டேசாவை வெளியே காட்டாமல் சுமந்துகொண்டிருக்கலாம், பக்கத்தில் ஒட்டிய எலுமிச்சைக் கிளை தாங்காமல் வாடிவிடும். ஒரு மரத்தில் அந்த வைரஸ் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவே ஆராய்ச்சியாளர்கள் சிறிய எலுமிச்சைக் கன்றில் அதன் மொட்டை ஒட்டிப் பார்ப்பார்கள் என்றால் எலுமிச்சை எவ்வளவு மென்மையானது என்று புரியும்.

இரண்டு மரத்துக்கு இடம் கிடைத்தால் கடலோரத்தில் ஒட்டு பம்ப்ளிமாஸும் விதைக்கன்று எலுமிச்சையும், உள்மாவட்டத்தில் எலுமிச்சையும் நார்த்தையும் வைப்பேன். கன்று வாங்கும்போது பழம் தொங்குகிறதா என்று பார்க்காமல், ஒட்டு தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேலே இருக்கிறதா, அடிமரத்தில் பிசின் இருக்கிறதா, இளம் இலையில் வெள்ளிக் கோடாக இலைத்துளைப்பான் ஓடிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். தொங்குகிற அந்த ஒற்றைப் பழத்தையும் அன்றே கிள்ளிவிடுங்கள், கன்று வேர் பிடிக்கட்டும்.